பாட்டின் பயனும் பாவலர் பங்கும்

குன்றத்தூர் என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதற்கண் எழுவது சேக்கிழாரின் பெயரேயாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவ்வூரில் தோன்றிய அப்பெருமகனார், அனபாயன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் குலோத்துங்கச் சோழனின் அவையில் அமைச்சராய் வீற்றிருந்தார். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் கொண்ட பற்றினால் அவர் இவ்வூரில் எடுப்பித்த அதே பெயருடைய திருக்கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அவர் பெரியபுராணம் பாடிய காலத்தில், நாளைய உணவுக்கு என் செய்வது என்ற கவலை அவருக்கு இருந்திருக்க இயலாது. பதவி அவரைக் காத்தது. அவர் தமிழைக் காத்தார்.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். அவருக்கு அமைச்சுப் பதவி இல்லை. ஆயினும் கீழக்கரை வள்ளல் சீதக்காதி இருந்தார். காப்பியம் முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்துவிடவே, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரைத் தாங்கி நின்றார் என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. புலவர் பாட, புரவலர் காத்தார்.

ஆக, பாட்டுத் தொழிலோர் வாழ்வதற்கு நம் முன்னோர் அறிந்திருந்த வழிகள் இரண்டு. ஒன்று பதவி, மற்றொன்று புரவலர் கொடை. இன்று இவ்விரண்டும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டன. அரசர் இல்லை; அரசவை இல்லை; ஆயிரம் பொன் தரும் வள்ளலும் அரியர். ஆனால் பாட்டைக் கேட்போர் தொகையோ முன்னெக்காலத்தினும் பெருகிவிட்டது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களின் துணிக்கடைகளிலும் உணவகங்களிலும் காலை முதல் இரவு வரை பாட்டு ஒலிக்கிறது. பேருந்தில் ஒலிக்கிறது, வானொலியில் ஒலிக்கிறது, கைப்பேசியில் ஒலிக்கிறது. கேட்பவர் கோடிக்கணக்கினர், கேட்கச் செய்து பொருள் ஈட்டுவோரும் பலர். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதனால் வரும் பயன் யாது? இக்கட்டுரை எழுப்பும் வினா இதுவே.

பாட்டில் உறையும் உரிமைகள்

பாட்டு ஒன்றே போலத் தோன்றினும் சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று படைப்புகளின் கூட்டாகும். சொற்கள் இலக்கியப் படைப்பு, அவை பாடலாசிரியருடையவை. மெட்டும் இசையமைப்பும் இசைப் படைப்பு, அவை இசையமைப்பாளருடையவை. அவ்விரண்டையும் பாடகர் குரலில் ஏற்றிப் பதிவு செய்தது ஒலிப்பதிவு. அது பெரும்பாலும் பதிவு செய்வித்த நிறுவனத்துக்கு உரியது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இம்மூன்றையும் தனித்தனியே காக்கிறது. பாடகரின் குரலுக்கு அச்சட்டம் தொடக்கத்தில் எவ்வுரிமையும் தரவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே நிகழ்த்துநர் உரிமை என்பதைப் புகுத்தியது.

இவற்றுள் சொல்லுக்கும் இசைக்கும் உரிய பயன் இருவகைப்படும். பாட்டைப் படியெடுத்து இசைத்தட்டாகவோ, ஒலிநாடாவாகவோ, நூலாகவோ விற்பதனால் வருவது ஒன்று. பொதுமக்கள் கேட்கப் பாடுவதாலும் ஒலிபரப்புவதாலும் வருவது மற்றொன்று. இப்பின்னதையே நிகழ்த்துரிமைத் தொகை அல்லது நிகழ்த்துரிமை ராயல்டி என்கிறோம். இசைத்தட்டும் ஒலிநாடாவும் விற்பனையிலிருந்து மறைந்துவரும் இக்காலத்தில் பாட்டுத் தொழிலோர்க்கு எஞ்சி நிற்கும் பெரிய ஊன்றுகோல் இந்த இரண்டாம் வகையே என்பது தெளிவு.

நெற்பயிர் ஓர் அறுவடையோடு முடிவது. தென்னை நட்டவனுக்கு ஆண்டுதோறும் காய் தருவது. பாட்டு தென்னையை ஒத்தது. ஆயினும் நம் நாட்டில் நெடுங்காலம் அதனை நெல்லின் விலைக்கே வாங்கி வந்தனர். எழுதிய அன்று ஒரு தொகை. அதன்பின் அப்பாட்டு ஐம்பது ஆண்டுகள் ஒலித்தாலும் எழுதியவருக்கு ஏதுமில்லை.

பாரதியார் பாட்டு தரும் பாடம்

இதனைத் தமிழர்க்கு உணர்த்த வெளிநாட்டுச் சான்று வேண்டியதில்லை. பாரதியாரே போதும். 1921 செப்டம்பரில் அவர் வறுமையிடையே மறைந்தார். அவர்தம் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை 1930களில் சென்னை வைர வணிகர் ஒருவரால் சில நூறு ரூபாய்க்கு வாங்கப்பட்டது. வானொலியும் பேசும்படமும் வளர வளர அவ்வுரிமையின் மதிப்பு உயர்ந்தது. 1940களில் அது ஏவி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு மாறியது. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியார் பாடல்கள் ஒலித்து நாடெங்கும் பரவின. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமை மீறல் என வழக்கு மூண்டது. நாட்டுக்கு உரிய கவியின் பாட்டு ஒருவர் தனியுடைமை ஆகலாமா என்ற கிளர்ச்சி எழுந்தது. முடிவில் 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைத் தானே ஏற்றது. பின்னர் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின.

இந்நிகழ்ச்சியைப் பாரதிக்குக் கிடைத்த வெற்றியாகவே நாம் போற்றி வருகிறோம், அது தகும். ஆயினும் இதனுள் மறைந்திருக்கும் மற்றோர் உண்மையையும் நோக்குதல் வேண்டும். பாட்டின் ஒலிபரப்பு உரிமை பெரும்பொருள் தரவல்லது என்பதை வணிகர் அறிந்திருந்தனர், திரைப்பட முதலாளி அறிந்திருந்தார், அரசும் அறிந்தது. அறிந்து பயன்கொள்ள வாய்ப்பில்லாமற் போனவர் பாட்டை எழுதியவர் ஒருவரே. அவர் காலத்தில் அவ்வுரிமையைத் திரட்டித் தரும் அமைப்பு எதுவும் இந்நாட்டில் இல்லை.

அதன்பின் தமிழக அரசு பல அறிஞர்தம் நூல்களை நாட்டுடைமையாக்கி, மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கி வருகிறது. நல்ல மரபு அது. நூல்கள் மலிவு விலையில் பரவ அது வழிகோலியது. எனினும் நாட்டுடைமையாக்கம் எழுத்தாளர் மறைந்தபின் பெரும்பாலும் வருவது. ஒருமுறை தந்து முடிவது. உயிரோடிருக்கும் பாடலாசிரியரின் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் அது மருந்தாகாது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் தம் 29ஆம் அகவையில் மறைந்தார். நா. முத்துக்குமார் 2016இல் தம் 41ஆம் அகவையில் மறைந்தார். இருவர் பாட்டும் இன்றும் ஒலிக்கின்றன. பாட்டின் வாழ்நாள் நீண்டது; பாவலரின் வாழ்நாள் நம் கையில் இல்லை. இவ்விடைவெளியை நிரப்பவே பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீள்கிறது. 1981இல் மறைந்த கண்ணதாசனின் எழுத்துக்கு 2041ஆம் ஆண்டு முடியச் சட்டக் காப்பு உண்டு.

பாரிசு நகர் உணவகத்தில் பிறந்த நெறி

நிகழ்த்துரிமைத் தொகையைத் திரட்டும் முறை பிறந்த கதை சுவையானது. 1847இல் பாரிசு நகர உணவகம் ஒன்றில் எர்னெஸ்ட் பூர்ஷே என்னும் பாடலாசிரியர் தம் நண்பரான இசையமைப்பாளர்களோடு அமர்ந்திருந்தார். அங்கு இசைக்கப்பட்டது அவர்தம் பாட்டு. அதற்காக அவர்க்கு ஒரு காசும் தரப்படவில்லை. பருகியதற்குப் பணம் கேட்கப்பட்டபோது, எம் பாட்டுக்கு நீர் தராதபோது உம் பானத்துக்கு யாம் ஏன் தரவேண்டும் என அவர்கள் மறுத்தனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது; பாட்டுடையோரே வென்றனர். அதன் பயனாக 1851இல் பிரான்சு நாட்டில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசைப் பதிப்பாளர் சங்கம் முறையாக உருவாயிற்று. 1914இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், உணவகத்தில் இசைக்குத் தனிக் கட்டணம் இல்லையே என்ற வாதம் எழுந்தபோது, உணவோடு இசையும் சேர்ந்தே வாடிக்கையாளரை ஈர்க்கிறது; அதற்கான விலையும் உணவின் விலையிலேயே அடங்கியுள்ளது என்று நீதிபதி ஓம்சு விளக்கினார். நம் ஊர்த் துணிக்கடைக்கும் இவ்விளக்கம் அப்படியே பொருந்தும்.

1977 முதல் 2012 வரை

இந்தியாவில் 1969ஆம் ஆண்டு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் நிறுவப்பெற்றது. ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சுருக்கப்பெயரால் அது வழங்குகிறது. திரையரங்குகளும் பிறரும் பாட்டை ஒலிக்கச் செய்வதற்குரிய கட்டண அட்டவணையை அது வெளியிட்டதும் திரைப்பட அமைப்புகள் எதிர்த்தன. பதிப்புரிமை வாரியம் சங்கத்தின் பக்கம் நின்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கம் நின்றது. முடிவில் 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரைப்படத் தயாரிப்பாளர் ஊதியம் கொடுத்து எழுதுவித்த பாட்டுக்கும் இசைக்கும், வேறு உடன்பாடு இல்லாவிடில், முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது அத்தீர்ப்பின் சாரம். அத்தீர்ப்போடு உடன்பட்ட நீதியரசர் கிருஷ்ணய்யர், பாடுவோரின் குரற்கலைக்குச் சட்டத்தில் காப்பு இல்லாமை குறித்துத் தனியே எழுதி, நாடாளுமன்றத்தின் கவனத்தை ஈர்த்தார்.

வேறு உடன்பாடு இல்லாவிடில் என்ற சொற்றொடர் ஏட்டில் ஆறுதல் தருவதே. நடைமுறையில் வாய்ப்புக் கேட்டு வாயிலில் நிற்கும் இளங்கவிஞர் எந்தத் தயாரிப்பாளரிடம் வேறு உடன்பாடு கேட்க இயலும்? நீட்டிய தாளில் கையொப்பமிட்டார். கொடுத்த தொகையைப் பெற்றார். எல்லா உரிமையும் எக்காலத்துக்கும் போயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

இதனை மாற்றியது 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம். பாடலாசிரியரும் மாநிலங்களவை உறுப்பினருமாய் அப்போது இருந்த ஜாவேத் அக்தர் இதற்கெனத் தொடர்ந்து வாதாடினார். அவ்வாண்டு மே 17 அன்று மாநிலங்களவையும், மே 22 அன்று மக்களவையும் அதனை நிறைவேற்றின. சூன் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதன்படி, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டின் ஆசிரியர், உரிமையைப் பிறர்க்கு எழுதித் தந்தபோதிலும், ராயல்டியில் தமக்குரிய சமபங்கை விட்டுக்கொடுக்க இயலாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அவ்வெழுத்துச் செல்லாது. மரபுரிமையர்க்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதனை ஒப்படைக்கலாம். திரையரங்கில் படத்தோடு பாட்டு ஒலிப்பது மட்டும் இதற்கு விலக்கு.

இச்சட்டத்தின் நுட்பம் கருதத் தக்கது. கொடுக்க விரும்பினாலும் கொடுக்க முடியாத உரிமையைத் தந்து, வலிமை குன்றியவரை அது காத்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இவ்வாறே செயற்படுகிறது. தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒப்பினாலும் சட்டம் ஒப்புவதில்லை. பசித்தவன் இட்ட கையொப்பத்தை முழு இசைவாகக் கொள்ளலாகாது என்ற அறம் இரண்டிலும் ஒன்றே.

தொகை பங்காகும் முறை

சங்கத்தின் பணியை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு விடுதி தன் விழாவுக்கு உரிமக் கட்டணம் செலுத்தியதாகக் கொள்வோம். நிருவாகச் செலவு போகப் பங்கிடுவதற்கு 8,000 ரூபாய் எஞ்சியது. விழாவில் 40 பாட்டுகள் ஒலித்தன என்க. பாட்டுக்கு 200 ரூபாய் ஆகிறது. அதில் பாதியாகிய 100 ரூபாய் உரிமம் பெற்ற இசை நிறுவனத்துக்கு. 50 ரூபாய் பாடலாசிரியர்க்கு. 50 ரூபாய் இசையமைப்பாளர்க்கு. ஐம்பது ரூபாய் அற்பம் என்று தோன்றலாம். அதே பாட்டு ஆயிரம் இடங்களில் ஒலித்தால் அது 50,000 ரூபாய் ஆகும். சிறுதுளி பெருவெள்ளமாகும் இடம் இது. எந்த ஒரு பாடலாசிரியரும் ஆயிரம் கடைகளின் வாயில் ஏறித் தம் ஐம்பது ரூபாயைக் கேட்டு வர இயலாது. அவர் சார்பில் ஒரு சங்கம் கேட்கிறது. கொடுப்பவர்க்கும் இது எளிது; ஆயிரம் பாவலரைத் தேடி அலையாமல் ஓரிடத்தில் உரிமம் பெற்றால் போதும்.

இவ்விந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிப்புரிமைச் சங்கமாக 2017 நவம்பரில் பதிவு பெற்றது. அதற்கு முன் அதன் பங்கீட்டைப் பற்றிப் படைப்பாளிகள் பலர் குறைகூறி வந்தனர். பதிவுக்குப்பின் திரட்டும் தொகை விரைந்து வளர்ந்து, 2022-23ஆம் நிதியாண்டில் 500 கோடி ரூபாயைத் தாண்டியது. வானொலி நிலையங்கள், ஒலிப்பதிவுக்கு மட்டும் பணம் செலுத்தினால் போதும். சொல்லுக்கும் இசைக்கும் தனியே தரவேண்டியதில்லை என்று நெடுங்காலம் வாதிட்டன. 2023 ஏப்ரல் 28 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தன் இடைக்கால ஆணையில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒலிப்பதிவு ஒலிபரப்பாகும்போது அதனுள் உறையும் சொல்லுக்கும் இசைக்கும் உரியவர்க்கு ராயல்டி உண்டு என்பதே 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கருத்து என அது கொண்டது.

மறுப்புகளும் மறுமொழியும்

இனி, இதனை மறுத்து உரைக்கப்படும் கருத்துகளை ஆராய்வோம்.

கலை தொண்டன்றோ, அதற்கு விலை கேட்பது தகுமோ என்பர் சிலர். 2017 மார்ச்சில் இளையராஜா தம் பாட்டுகளை மேடையில் பாட இசைவு வேண்டுமெனப் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு அனுப்பியபோது இக்குரல் உரக்க ஒலித்தது. நாடே அதனை இரு நண்பர்க்கிடையே நேர்ந்த பிணக்காகக் கண்டது. உண்மையில் அங்கே கேட்கப்பட வேண்டிய வினா வேறு. அரங்குக்கு நுழைவுச்சீட்டு விற்கப்படுகிறது. ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் வாடகை தரப்படுகிறது. இசைக்குழுவினர்க்கு ஊதியம் தரப்படுகிறது. பாட்டு மட்டும் ஏன் இலவசம்? பாடுபவரிடமன்றி விழாவை நடத்திப் பொருள் ஈட்டுபவரிடம் அக்கட்டணத்தைப் பெறுவதே முறை என்பது நம் கருத்து. அங்ஙனமாயின் பாடகர்க்கும் இசையமைப்பாளர்க்கும் இடையே பிணக்கு எழ இடமே இராது.

தயாரிப்பாளர் அன்றோ பணம் முடக்கி இழப்பை ஏற்கிறார் என்பர் வேறு சிலர். மெய்தான். அதனாற்றான் சட்டம் அவர் பங்கைப் பறிக்கவில்லை. பாதியை உரிமையாளர்க்கே வைத்தது. திரையரங்க வருவாயையும் முழுதும் அவர்க்கே விட்டது. மறுபாதி பாட்டை ஈன்றவர்க்குச் செல்வது மிகையாகாது.

சிறு வணிகர்க்குச் சுமையாகுமே என்ற கவலை மெய்யானது. அதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரையும் நட்சத்திர விடுதியையும் ஒரே தட்டில் நிறுத்தல் அறமாகாது. கடையின் அளவுக்கும் வருவாய்க்கும் ஏற்பக் கட்டணம் படிப்படியாய் அமைதல் வேண்டும். மிகச் சிறு கடைகளை விட்டுவிடுதலும் தகும். கேட்க வருவோர் இனிய சொல்லால் விளக்கிக் கேட்டல் வேண்டும். அச்சுறுத்திப் பெறும் பணம் பாவலர்க்குப் புகழ் சேர்க்காது. கட்டண அட்டவணை தமிழில் அச்சாகி எவரும் காணுமாறு கிடைத்தால் பாதிப் பிணக்குத் தீரும்.

திருமண வீட்டாரையும் இது வருத்துமோ என அஞ்சுவோர்க்குச் சட்டமே விடை தந்துள்ளது. குன்றத்தூர் மலைமேல் முருகன் கோயிலில் முகூர்த்த நாள்தோறும் மணமக்கள் வரிசை வரிசையாய் வருவதும், கீழே மண்டபங்களில் மெல்லிசைக் குழுக்கள் பாடுவதும் இவ்வூரார் அறிந்த காட்சி. சமயச் சடங்கின் பகுதியாக நிகழும் பாட்டுக்கு உரிமம் வேண்டியதில்லை. மண ஊர்வலமும் திருமணத்தைச் சார்ந்த பிற கொண்டாட்டங்களும் அதனுள் அடங்கும் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2023 சூலை 24 அன்று மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை இதனை நினைவூட்டி அறிவிப்பும் வெளியிட்டது. நிக்காஹ் மண்டபமாயினும் முகூர்த்த மண்டபமாயினும் மணவீட்டார் அஞ்ச வேண்டியதில்லை. அதே மண்டபத்தில் நுழைவுச்சீட்டு விற்றுப் புத்தாண்டு விழா நடத்தினால் நிலைமை வேறு.

கல்லூரிகளுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு. ஆசிரியரும் மாணவரும் கல்லூரிப் பணியின் பகுதியாகப் பாடி, கேட்போரும் ஆசிரியர், மாணவர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையோர் என்ற அளவில் நின்றால் உரிமம் வேண்டியதில்லை. புறத்தேயிருந்து இசைக்குழுவை அழைத்துக் கட்டணம் பெற்று நடத்தும் விழா இவ்விலக்கில் அடங்காது. மாணவர் மன்றப் பொறுப்பாளர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இறுதியாக ஒரு மறுப்பு. அதுவே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. திரளும் பணம் உண்மையில் உரியவரைச் சேர்கிறதா? பெரும்புகழ் பெற்றோர்க்கே பெரும்பங்கு போய், சிறியோர் வெறுங்கையராய் நிற்கின்றனரோ? இவ்வினா நேர்மையானது. இதன் விடை பெரும்பாலும் ஒரு தாளில் இருக்கிறது. விழாவில் ஒலித்த பாட்டுகளின் பட்டியலே அத்தாள். எந்தப் பாட்டு, எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் எனக் குறித்த பட்டியல் சங்கத்துக்குச் சென்றால் பணம் உரியவர்க்குச் செல்ல வழியுண்டு. பட்டியல் இல்லையேல் கணக்கு ஊகமாகிறது. ஊகம் எப்போதும் புகழ் பெற்றோர் பக்கமே சாயும்.

திரைக்கு வெளியே நிற்போர்

இவ்விடத்தில் தமிழர் தனிக் கவனம் செலுத்த வேண்டிய ஒரு கூட்டத்தார் உளர். அவர்கள் திரைக்கு வெளியே பாட்டெழுதுவோர். முருகன் பாட்டும் மாரியம்மன் பாட்டும் எழுதி ஒலிநாடாக்காரர்க்குத் தந்தவர்கள். தேவாலயப் பாட்டு எழுதியவர்கள். நாட்டுப்புற மெட்டில் புதுப்பாட்டுக் கட்டியவர்கள். இசுலாமியத் தமிழ்ப் பாட்டு எழுதியவர்கள். நாகூர் இ. எம். ஹனிபா (1925-2015) அவர்களின் குரலை அறியாத தமிழ் முசுலிம் இல்லம் இராது. முசுலிம் அல்லாதார் இல்லங்களும் அக்குரலை அறியும். நோன்புக் காலத்தில் தெருவெங்கும் அது ஒலிக்கும். ஆயினும் அவர் பாடிய பாட்டுகளை எழுதியவர் யார் யார் எனக் கேட்டால் விடை சொல்வோர் சிலரே. நாகூர்ப் புலவர் ஆபிதீன் முதலிய பாவலர்தம் பெயர்கள் பாட்டைக் கேட்போருள் எத்தனை பேர் செவியை எட்டின? திரைப்பாட்டுக்கும் தனிப்பாட்டுக்கும் எழுதிய கா. மு. ஷெரீப் போன்றோர் பெயரையும் தமிழ் படித்தோரே நினைவில் வைத்துள்ளனர்.

பெயர் மறைந்த இடத்தில் பங்கும் மறைகிறது. திரைப்பாட்டுக்காவது படத்தின் தொடக்கத்தில் பெயர் ஓடும். இசைத்தட்டின் உறையில் பெயர் இருக்கும். தனிப்பாட்டுக்கு அதுவும் உறுதியில்லை. இன்று அப்பாட்டுகள் வலைத்தளங்களில் இலட்சக்கணக்கானோரால் கேட்கப்படுகின்றன. அவற்றின் கீழே பாடகர் பெயர் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் பலவேளை வெற்றிடமாய் இருக்கும். 2012ஆம் ஆண்டுச் சட்டம் திரைப்படம் சாராத ஒலிப்பதிவின் பாட்டுக்கும் அதே சமபங்கை உறுதி செய்துள்ளது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே செல்ல வேண்டியவர்க்கு அக்கதவு இருப்பதே தெரியவில்லை.

கோடம்பாக்கத்தின் வாடகையைத் தாங்க இயலாத கலைத்தொழிலோர் போரூர், மாங்காடு, குன்றத்தூர் ஆகிய பகுதிகளில் குடியேறி வருதலைக் காண்கிறோம். கீபோர்டு வாசிப்போர், தபேலா வாசிப்போர், மேடைக்கு மேடை பாடுவோர், வாய்ப்புக்குக் காத்திருக்கும் பாடலாசிரியர் எனப் பலர் நம் அண்டை வீட்டார். அவருள் பாட்டு இயற்றியவர் எவரேனும் இருப்பின், தம் படைப்பைப் பதிவு செய்து சங்கத்தில் உறுப்பினராதல் பற்றி அவர்க்குச் சொல்வார் யார்? மறைந்த பாவலரின் மனைவியோ மக்களோ அவர் சார்பில் உரிமை கோரலாம் என்பதைச் சொல்வார் யார்?

தமிழ்த்துறை செய்யத்தக்கவை

இப்பணி தமிழ்த்துறைகளுக்கே உரியது என்பது நம் துணிபு. சங்கப் பாணரையும் பொருநரையும் பாடமாய்ப் பயிற்றுவிக்கிறோம். பரிசில் பெற்று வந்த பாணன், பெறாத பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. தான் பெற்ற பயனைப் பிறர்க்கும் வழிகாட்டும் அப்பண்பு உலக இலக்கியத்தில் அரிது. இன்றைய பாணர்க்கும் ஆற்றுப்படை ஒன்று வேண்டும். அது செய்யுளாய் இருக்க வேண்டியதில்லை. எளிய தமிழில் நான்கு பக்கத் துண்டுவெளியீடாய் இருந்தால் போதும்.

முதலாவதாக, கல்லூரி விழாக்களில் பாட்டு அறிவிக்கப்படும்போது பாடியவர் பெயரோடு எழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் சொல்லும் வழக்கம் வேண்டும். படத்தின் பெயரையும் நடிகர் பெயரையும் சொல்லி நிறுத்துவது போதாது. செலவில்லாத செயல் இது. அரை நிமிடமும் ஆகாது.

இரண்டாவதாக, மாணவர் சிலர் ஒரு விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊரில் வழங்கும் திரைசாராப் பாட்டுகளைத் தொகுத்து, இயற்றியவர் பெயரை முதியோரிடம் கேட்டு எழுதலாம். பழைய ஒலிநாடாக்களின் உறைகள் இதற்குச் சான்றாவணங்கள். பட்ட மேற்படிப்பு ஆய்வேட்டுக்கும் இது தகுந்த பொருள்.

மூன்றாவதாக, பாட்டெழுதும் ஆர்வமுள்ள மாணவர், ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதனைப் படித்தல் வேண்டும். எல்லா உரிமையும் எக்காலத்துக்கும் எனத் தொடங்கும் தொடரைக் கண்டால், ராயல்டியில் தம் சமபங்கு அதனால் அழியாது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். முதற்பாட்டு வெளிவந்ததும் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்தல் வேண்டும்.

நான்காவதாக, நம் ஊர் வணிகர்களிடமும் விழாக்குழுவினரிடமும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். மின்கட்டணம் செலுத்தாமல் விளக்கெரிப்பதை எவரும் பெருமையாகக் கருதுவதில்லை. பாட்டுக்கும் அந்நிலை வருதல் வேண்டும்.

கூலியை வியர்வை உலருமுன் தருக என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையெனக் கேட்டு வளர்ந்தவர் நம்முள் பலர். பாட்டுத் தொழிலோரின் கூலியோ வியர்வை உலர்ந்து பல்லாண்டு கழித்தே, அதுவும் சிறுசிறு துளியாய் வருகிறது. அத்துளியையும் தடுத்து நிறுத்துதல் எவ்வறத்துக்கும் ஒவ்வாது.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. மண்ணறையில் இருந்தும் புலவர்க்கு ஈந்த கை அவர் கை என்று மரபு போற்றுகிறது. நல்ல பாட்டும் அத்தகைய வள்ளலே. எழுதியவர் மறைந்தபின்னும் அது ஈந்துகொண்டே இருக்கிறது. கடைக்கு வாடிக்கையாளரை ஈகிறது, வானொலிக்கு விளம்பரத்தை ஈகிறது, நமக்கு இன்பத்தை ஈகிறது. அவ்வீகையில் ஒரு பங்கு அதனைப் பெற்றெடுத்தவர் வீட்டு அடுப்பையும் சென்றடைய வேண்டும். புரவலர் இல்லாத காலத்தில் கேட்போர் அனைவரும் சேர்ந்தே புரவலர் ஆகின்றனர். ஆளுக்கு ஒரு காசு தந்தால் போதும். பாவலர் தலைநிமிர்ந்து வாழ்வர், தமிழும் பாடிக்கொண்டே இருக்கும்.